தீப்பெட்டியும் சிலேட்டும்: செய்நிரல் படிப்பு பற்றி வாசகர் கேட்டவை

செய்நிரல், அதாவது கணினிக்கான கட்டளை வரிகள், எழுதப் படிப்பிப்பது ஒரு வேலை. பிள்ளைகள் அதை எப்படிப் படிக்கிறார்கள், எந்த இடத்தில் இடறுகிறார்கள் என்று ஆராய்வது இன்னொரு வேலை. இரண்டையும் இருபது வருடத்துக்கு மேலாகச் செய்து வருகிறேன். அதனால் இந்த மாதக் கேள்விகளுக்குப் பதில் எழுதித் தரும்படி ஆசிரியர் கேட்டார். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் உயர்தர மாணவர்களுடையவை. அங்கிருந்தே தொடங்குகிறேன்.

*

கேள்வி: வகுப்பில் சேர் பலகையில் எழுதும்போது எல்லாம் விளங்குகிறது. வீட்டில் தனியே இருந்தால் ஒரு வரிகூட எழுத வருவதில்லை. எனக்கு இதற்கான மூளை இல்லையா?
(உயர்தர மாணவி, சாவகச்சேரி)

பிள்ளை, உமக்கு மூளைக்குக் குறைவில்லை. முதல் இரண்டு படிகளைக் காட்டாமல் மூன்றாம் படியில் உம்மை ஏற்றி விட்டிருக்கிறோம். எப்படி என்று சொல்கிறேன்.

2001இல் மைக் மெக்ராக்கன் என்பவரும் வேறு சில ஆய்வாளர்களும் சேர்ந்து, பல நாடுகளில் நான்கு பல்கலைக்கழகங்களில் செய்நிரலாக்கத்தின் முதற் பாடநெறியை முடித்த 216 மாணவர்களுக்கு ஒரு சோதனை வைத்தார்கள். கணக்குப் போடும் ஒரு சிறு செய்நிரலை எழுத வேண்டும். சராசரிப் புள்ளி 110க்கு 22.89. பாடநெறியை முடித்தவர்களின் நிலையே அது. "பிள்ளைகளுக்குச் சிக்கலைப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை" என்றுதான் பலரும் அப்போது நினைத்தார்கள்.

மூன்று வருடம் கழித்து, 2004இல், ரேமண்ட் லிஸ்டரின் குழு வேறு விதமாகக் கேட்டுப் பார்த்தது. எதையும் எழுதச் சொல்லவில்லை. எழுதி வைத்த சின்னச் செய்நிரலைக் கொடுத்து, இது ஓடினால் முடிவில் என்ன வரும், விடுபட்ட வரி எது என்று மட்டும் கேட்டார்கள். கணிசமான பிள்ளைகள் அதிலேயே தடுமாறினார்கள். வாசிக்கவே இன்னும் பழகாதவர்களிடம்தான் நாங்கள் எழுதக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறோம்.

தமிழ்ப் பாடத்தில் கிரகித்தல் என்று ஒரு பகுதி இருக்கிறது அல்லவா? ஒரு பந்தியைத் தந்து, வாசித்து விடை எழுதச் சொல்வார்கள். கட்டுரை எழுதுவதற்கு எவ்வளவோ முன்பே அது தொடங்கிவிடும். செய்நிரலுக்குக் கிரகித்தல் வைக்கிற வழக்கம் எங்கள் வகுப்புகளில் இன்னும் வரவில்லை. சேர் பலகையில் எழுதும்போது உமக்கு விளங்குவது சேரின் விளக்கம். அந்த வரிகள் ஒவ்வொன்றும் என்ன செய்கின்றன என்பது வேறு. அதை நீர் தனியே இருந்து பார்க்க வேண்டும்.

இந்த நாலு வரியை எடும்:

அ = 5
ஆ = 7
அ = ஆ
ஆ = அ

முடிவில் அ எவ்வளவு, ஆ எவ்வளவு? நான் ஒவ்வொரு வருடமும் முதலாம் வருட மாணவர்களிடம் இதைக் கேட்கிறேன். "அ 7, ஆ 5, இரண்டும் இடம் மாறிவிட்டன" என்று சொல்கிறவர்கள் எப்போதும் இருக்கிறார்கள். சரியான விடை 7, 7. மூன்றாவது வரியில் ஆவில் உள்ள 7 அவுக்குள் எழுதப்படுகிறது, அ தன் ஐந்தை இழந்துவிட்டது. நான்காவது வரி வரும்போது ஐந்து எங்கேயும் இல்லை. 7, 5 என்று சொல்கிற பிள்ளை கவனமில்லாமல் சொல்லவில்லை. நாலு வரியும் ஒரே நேரத்தில் நடப்பதாகவோ, கணித பாடத்துச் சமன்பாடு போலவோ அந்தப் பிள்ளை வாசிக்கிறது. அந்த வாசிப்பைத் திருத்தாமல் இன்னும் நூறு செய்நிரல் எழுதச் சொன்னாலும் அதே பிழைதான் நூறு தடவை வரும்.

நீர் செய்ய வேண்டியது இதுதான். கொப்பியில் ஒரு அட்டவணை போடும். ஒவ்வொரு மாறிக்கும் (அ, ஆ போல எண் வைத்திருக்கும் பெயருக்கு) ஒரு நிரல், ஒவ்வொரு வரிக்கும் ஒரு நிரை. சேர் எழுதிய செய்நிரலை வரி வரியாக ஓட்டி, எதில் எவ்வளவு இருக்கிறது என்று நிரப்பும். இரண்டு கிழமைக்குப் புதிதாக எதையும் எழுத வேண்டாம், இது மட்டும் போதும்.

அப்புறம் அடுத்த படி. அதே செய்நிரலை ஒரு வரிக்கு ஒரு துண்டாகக் கடதாசியில் எழுதி வெட்டும். துண்டுகளைக் குலைத்து ஒரு உறைக்குள் போட்டு வைத்து, அடுத்த நாள் எடுத்து ஒழுங்குபடுத்திப் பாரும். நியூசிலாந்தில் ஒட்டாகோ பொலிரெக்னிக்கில் படிப்பித்த டேல் பார்சன்ஸ், பற்றீசியா ஹேடன் என்ற இருவர் 2006இல் கொண்டுவந்த முறை இது. பார்சன்ஸ் புதிர் என்று இன்று உலகம் முழுக்கப் பயன்படுகிறது. எழுத்துப் பிழைக்கும் அடைப்புக்குறிக்கும் பயப்படாமல், வரிகளின் ஒழுங்கை மட்டும் யோசிக்க அது இடம் தரும். வெற்றுத் தாளில் எழுதுவது அதற்குப் பிறகு. அப்போது கை தானாக ஓடும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் முதல் வரி எங்கே தொடங்கும் என்று உமக்குத் தெரிந்திருக்கும்.

*

கேள்வி: கணினி விஞ்ஞானம் படித்தவர்கள் மென்பொருள் நிறுவனங்களில் நல்ல சம்பளத்தில் இருக்கிறார்கள். நீங்கள் ஏன் படிப்பித்தலை ஆராயப் போனீர்கள்?
(ஓய்வுபெற்ற தபால் அதிபர், கோண்டாவில்)

ஐயா, இதற்குக் கொஞ்சம் பின்னுக்குப் போக வேண்டும்.

1993இல் எனக்குப் பதினாறு வயது. 1990இல் போன மின்சாரம் வரவே இல்லை. மண்ணெண்ணெய் விற்ற விலையில் முழு விளக்கு எரிக்க ஏலாது. ஜாம் போத்தலுக்குள் பஞ்சு வைத்து, அளந்து ஊற்றிய எண்ணெயில் திரி எரியும். கொழும்பில் வேலை செய்து திரும்பியிருந்த என் மாமாவிடம் பாஸ்கல் என்ற செய்நிரல் மொழி பற்றிய ஒரு தடித்த புத்தகம் இருந்தது. கணினி என்ற சாமானை நான் கண்ணால் கண்டதில்லை. மாமா பாயில் ஆறு வெறும் தீப்பெட்டிகளை வைத்து, ஒவ்வொன்றிலும் ஒரு பெயர் ஒட்டினார். எண்களுக்குப் புளியங்கொட்டை. அவர் புத்தகத்திலிருந்து ஒரு வரி வாசிப்பார், நான் அதன்படி கொட்டைகளைப் போட வேண்டும், எடுக்க வேண்டும். நான்தான் இயந்திரம். அடுத்து என்ன வரும் என்று ஊகித்து நான் முந்தினால் மாமா நிறுத்திவிடுவார். "நினைக்காதை பிள்ளை. எழுதியிருக்கிறதை மட்டும் செய்."

1995 ஒக்டோபர் இடப்பெயர்வில் தீப்பெட்டிகள் வீட்டோடு போய்விட்டன. புத்தகம் உடுப்புப் பையோடு தென்மராட்சிக்கு வந்தது. பின்னர் கம்பஸில் முதன்முதலாக உண்மையான கணினி ஒன்றின் முன் இருந்தபோது, என் செய்நிரல் என்ன செய்யப்போகிறது என்று ஓட்டுவதற்கு முன்பே எனக்குத் தெரிந்திருந்தது. அது என் கெட்டித்தனம் என்று நினைத்தேன். அந்த நினைப்பு பல வருடம் இருந்தது.

2003இல் ஒரு உயர்கல்வி நிறுவனத்தில் முதலாம் வருடத்தினருக்குச் செய்முறை வகுப்பு எடுத்தேன். அந்த வருடப் பரீட்சையில் ஏறக்குறையப் பாதிப் பேர் சித்தியடையவில்லை. "இது எல்லாருக்கும் வராது, வாறவைக்கு வரும்" என்று மூத்தவர் ஒருவர் சொன்னார். நானும் நம்பினேன்.

அந்தப் பரீட்சையில், பத்து எண்களில் பெரியதைக் கண்டுபிடிக்கும் கேள்விக்கு ஒரு மாணவி மாறி ஒன்றுக்குப் 'பெரியது' என்று பெயர் வைத்து, பத்து எண்களையும் அதற்குள் ஒன்றன்பின் ஒன்றாக வாசித்துவிட்டு, அதை அச்சிட்டிருந்தார். ஒப்பிடும் வரியே இல்லை. நான் சிவப்புப் பேனையால் பூச்சியம் போட்டேன். வன்னியில் மரத்தடியில் பள்ளிக்கூடம் நடந்த காலத்தில் படித்து வந்த பிள்ளை. விடைத்தாளோடு என்னிடம் வந்து எங்கே பிழை என்று கேட்டார். சொல்லத் தொடங்கிய நான், ஏதோ தோன்றி, "ஏன் இப்படி எழுதினீர்?" என்று கேட்டேன். அப்படி ஒரு மாணவரிடம் நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

"பெரியது எண்டு பேர் வைச்சிருக்கிறன் தானே மிஸ். பெரிசு வந்தால் மட்டும் எடுத்து வைச்சிருக்கும் எண்டு நினைச்சன்."

அன்று இரவு நித்திரை வரவில்லை. அந்தப் பிள்ளையின் செய்நிரல் அவர் மனதில் இருந்த இயந்திரத்தில் சரியாகவே ஓடியிருக்கும். பெயரின் பொருளை விளங்கிக்கொள்கிற இயந்திரம் அது. மேசையில் இருந்ததற்கு அந்த விளக்கம் கிடையாது. எனக்கு அந்த வேறுபாடு பதினாறு வயதில் தீப்பெட்டிகளோடு வந்து சேர்ந்தது. "நினைக்காதை" என்று சொல்ல எனக்கு ஒரு மாமா இருந்தார். அந்தப் பிள்ளைக்கு அதைச் சொல்ல வேண்டிய ஆள் நான், சொல்லாமல் பூச்சியம் போட்டேன்.

பிறகு தேடி வாசித்தபோது, இதை 1986இலேயே ஒருவர் எழுதி வைத்திருந்தது தெரிந்தது. இயந்திரத்துக்குள் ஒரு மனம் ஒளிந்திருக்கிறது, நான் நினைப்பது அதற்குத் தெரியும் என்ற நம்பிக்கையே தொடக்கக்காரரின் பிழைகளுக்கெல்லாம் தாய்ப்பிழை என்று ரோய் பீ என்ற அமெரிக்க ஆய்வாளர் காட்டியிருந்தார். அதே வருடத்தில், பிரித்தானியாவைச் சேர்ந்த பெனடிக்ட் டு பூலே, மாணவர் மனதில் இருக்க வேண்டிய அந்தக் கருத்தளவு இயந்திரத்தைப் பற்றி எழுதியிருந்தார். அவர்கள் எழுதிய காலத்தில் நான் நாலாம் வகுப்பு. என் விடைத்தாள் கட்டுக்குள் அது வந்து சேர இவ்வளவு காலம் எடுத்தது.

சித்தியின்மை எங்கள் ஊருக்கு மட்டும் உரியதும் இல்லை. டென்மார்க்கின் பெனட்சன், காஸ்பர்சன் இருவரும் 2007இல் பல நாட்டு நிறுவனங்களைக் கேட்டபோது முதற் பாடநெறியில் மூன்றில் ஒரு பங்கினர் அளவில் தவறுவதாக வந்தது. 2019இல் மறுபடி கேட்டபோது 28 வீதம்.

சம்பளம் குறைவுதான் ஐயா. என்னோடு படித்தவர்கள் வீடு கட்டி முடித்து மாடியும் எடுத்துவிட்டார்கள். அந்த மாணவி அடுத்த வருடம் திரும்ப எழுதிச் சித்தியடைந்தார். அவர் சொன்ன அந்த இரண்டு வசனங்களை நான் இன்னும் ஆராய்ந்துகொண்டிருக்கிறேன். வேறு வேலை எனக்கு வேண்டியிருக்கவில்லை.

*

கேள்வி: எங்கள் பாடசாலையில் ஒரு வகுப்பில் 40 பிள்ளைகள். ஆய்வுகூடத்தில் வேலை செய்கிற கணினி நாலு. செய்முறை எப்படிக் கற்பிப்பது?
(ஆசிரியர், கிளிநொச்சி மாவட்டம்)

நாலு கணினி போதும் என்று சொல்லி உங்களை ஏமாற்ற மாட்டேன். கூடுதலாகக் கேட்டு எழுதிக்கொண்டே இருங்கள். ஆனால் அவை வரும்வரை பாடத்தை நிறுத்தி வைக்க வேண்டியதில்லை.

முதலில் பத்துச் சிலேட்டு வாங்குங்கள். கதை இருக்கிறது. நான் வகுப்பில் வெகுகாலம் மாமாவின் தீப்பெட்டிகளைத்தான் கொண்டு திரிந்தேன். ஒருநாள் ஒரு பெடியன், பெட்டிக்குள் ஏற்கெனவே ஒரு துண்டு இருக்க, இரண்டாவதையும் போட்டு மூடினான். முதல் எண் எங்கே என்று கேட்டேன். "உள்ளுக்குத்தான் இருக்கு மிஸ், இடம் இருக்குத் தானே." பெட்டி என்று சொன்னால் இரண்டு பொருளும் வைக்கலாம்தானே! மாறியைப் பெட்டியாகச் சொல்லிக் கொடுப்பதால் இப்படி ஒரு விளக்கப் பிழை வருவது பல நாட்டு ஆய்வுகளில் பதிவாகியிருக்கிறது. எனக்கு அது என் மாமா தந்த பெட்டியில் நடந்தபோதுதான் உறைத்தது. அடுத்த கிழமை திருநெல்வேலிச் சந்தைப் பக்கம் போய்ச் சிலேட்டு வாங்கினேன். சிலேட்டில் புதிதாக எழுத வேண்டுமானால் பழையதை அழிக்க வேண்டும். 'அ = ஆ' என்றால், அ பிள்ளை ஆ பிள்ளையின் சிலேட்டைப் பார்த்துத் தன்னுடையதை அழித்து எழுத வேண்டும். ஆ பிள்ளையின் சிலேட்டில் இருந்தது அப்படியே இருக்கும். ஒரு பிள்ளை வரிகளை வாசிக்க, நாலு பிள்ளைகள் சிலேட்டோடு நிற்க, மற்றவர்கள் அடுத்து என்ன மாறும் என்று முன்கூட்டியே கொப்பியில் எழுதட்டும். 2022இல் பதின்மூன்று மணிநேரம் மின்சாரம் நின்ற நாளிலும் என் வகுப்பு இப்படித்தான் நடந்தது.

கைவிரல் வாக்கெடுப்பும் செய்து பாருங்கள். நாலு விடை உள்ள கேள்வி ஒன்றைப் பலகையில் எழுதி, நெஞ்சுக்கு முன்னால் விரல் காட்டச் சொல்லுங்கள். விடை பிளவுபட்டிருந்தால் நீங்கள் ஒன்றும் சொல்லாமல், பக்கத்தில் இருப்பவரோடு மூன்று நிமிடம் வாதாட விட்டு, திரும்பவும் விரல் கேளுங்கள். ஹார்வர்டில் எரிக் மசூர் பௌதிகவியலுக்குத் தொடங்கிய இந்த முறை கணினி வகுப்புகளிலும் நல்ல பலன் தந்திருக்கிறது. செலவு ஒன்றும் இல்லை.

நியூசிலாந்தின் ரிம் பெல்லும் சகாக்களும் கணினியே இல்லாமல் கணினி விஞ்ஞானம் கற்பிக்கும் செயற்பாடுகளை 1990களிலிருந்து தொகுத்து வருகிறார்கள். 1, 2, 4, 8, 16 புள்ளி போட்ட ஐந்து மட்டைகளை ஐந்து பிள்ளைகள் பிடித்து நின்று துவித எண் (0, 1 இரண்டால் மட்டும் எழுதும் எண்) காட்டுவது அதில் ஒன்று. காலைப் பிரார்த்தனை மைதானத்திலேயே செய்யலாம்.

கணினி முன்னால் போகும்போது இருவர் இருவராக விடுங்கள். ஒருவர் தட்டச்சு, மற்றவர் வரியைச் சொல்பவர். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை மணி அடித்து இடம் மாற்றுங்கள். மணி முக்கியம். விட்டால் பெடியன் விசைப்பலகையிலும் பெட்டை பார்த்துக்கொண்டும் பாட நேரம் முடிந்துவிடும். கதிரையில் இருக்காத பிள்ளைக்கு இது தனக்குரிய பாடம் இல்லை என்ற எண்ணம் அங்கேதான் முளைக்கிறது, நான் பார்த்திருக்கிறேன்.

*

கேள்வி: தமிழ் மொழிமூலம் படித்தேன். செய்நிரல் எல்லாம் ஆங்கிலத்தில். நான் பின்தங்கிவிடுவேனா?
(மாணவன், வட்டுக்கோட்டை)

தம்பி, பைதன் என்ற செய்நிரல் மொழி தனக்கென்று ஒதுக்கிய சொற்கள் 35. அவ்வளவுதான். ஒரு பின்னேரத்தில் பாடமாக்கிவிடலாம். ஆங்கிலம் தாய்மொழியாக உள்ளவர்களுக்கும் அவை இலேசு என்று நினைக்காதேயும். திரும்பத் திரும்பச் செய் என்பதற்கு எழுதுகிற 'ஃபோர்' என்ற சொல் அவர்களுக்கே பொருள் காட்டுவதில்லை, 'ரிப்பீட்' என்றிருந்தால் விளங்கியிருக்கும் என்று அன்ட்ரியாஸ் ஸ்டெஃபிக், சுசானா சீபர்ட் இருவரும் 2013இல் காட்டினார்கள்.

ஆனால் மொழி ஒரு பொருட்டே இல்லை என்றும் நான் சொல்ல மாட்டேன். ஸ்க்ராட்ச் என்ற, கட்டளைத் துண்டுகளை அடுக்கிச் செய்நிரல் செய்யும் பிள்ளைகளுக்கான மொழியைப் பயன்படுத்துகிறவர்களை ஐந்து நாடுகளில் வைத்துச் சயமிந்து தாஸ்குப்தாவும் பெஞ்சமின் மாகோ ஹில்லும் 2017இல் பார்த்தபோது, சொற்கள் தங்கள் மொழியில் உள்ளவர்கள் புதிய கருத்துகளை வேகமாக எடுத்தது தெரிந்தது. எங்கள் ஆட்களும் முயன்றிருக்கிறார்கள். முத்தையா அண்ணாமலை உருவாக்கிய 'எழில்' முழுக்கத் தமிழ்ச் சொற்களிலேயே செய்நிரல் எழுதக்கூடிய மொழி. தொடக்கத்தில் ஒரு மாதம் அதில் விளையாடிப் பாரும்.

நான் கண்ட சிக்கல் வேறொரு இடத்தில் இருக்கிறது, கலைச்சொற்களில். 'மாறி' என்றால் என்ன என்று ஒரு வகுப்பில் கேட்டேன். ஒரு பிள்ளை, "மாறி எண்டால் மாறிப்போனது. இனி மாறாது" என்றது. தமிழாகப் பார்த்தால் அது பிழையே இல்லை. 'வீடு மாறிப் போனார்' என்கிறோம். கணித பாடத்திலிருந்து வருகிற பிள்ளைக்கோ மாறி என்பது கண்டுபிடிக்க வேண்டிய ஒரே ஒரு எண். இரண்டு விளக்கமும் செய்நிரலில் காலை வாரும். ஆகவே சொல்லைப் பாடமாக்கியதோடு நிறுத்தாமல், அது என்ன செய்கிறது என்று உம்முடைய வீட்டுத் தமிழில் ஒரு வசனம் எழுதி வையும். பிழைச் செய்திகளுக்கும் அப்படியே. 'நேம் எரர்' என்று வந்தால், 'இந்தப் பெயரை நீ எனக்கு இன்னும் சொல்லவில்லை' என்று கொப்பியில் எழுதும். இருபது செய்தி சேர்ந்தால் போதும், பெரும்பாலும் அவையே திரும்பத் திரும்ப வரும்.

தமிழ் தெரிந்த உமக்கு மட்டும் கிடைக்கிற ஒரு பயிற்சியும் சொல்கிறேன். ஒரு சொல்லைத் தலைகீழாக்கி, இரண்டும் ஒன்றா என்று பார்க்கும் செய்நிரலைப் பைதனில் எழுதும். அதற்குள் 'விகடகவி' என்று கொடும். எந்தப் பக்கமிருந்து வாசித்தாலும் விகடகவிதான் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். பைதன் 'இல்லை' என்று சொல்லும்! நீளம் கேட்டால் ஐந்து எழுத்துச் சொல்லுக்கு ஏழு என்னும். கணினி எழுத்துகளை வைத்திருக்கும் யூனிக்கோட் முறையில் 'வி' என்பது 'வ' ஒன்று, இகரக் குறி ஒன்று என இரண்டாக இருக்கிறது. தலைகீழாக்கும்போது குறி தன் மெய்யை விட்டு முன்னுக்கு வந்து நிற்கும். 'யாழ்ப்பாணம்' ஆறு எழுத்து, பைதனுக்குப் பதினொன்று. இதைச் சரிப்படுத்தும் செய்நிரலை நீரே எழுதினால், எழுத்து என்பது என்ன, கணினி அதை எப்படி வைத்திருக்கிறது என்ற பாடம் முழுவதும் உமக்கு வந்துவிடும். ஆங்கிலச் சொல் மட்டும் கொடுத்துப் பார்க்கிற பிள்ளை அந்தக் கேள்விக்கே வராது. நீர் பின்னுக்கு நிற்கவில்லை தம்பி.

*

கேள்வி: முதல் மொழியாகப் பைதன் நல்லதா, ஜாவா நல்லதா, சி நல்லதா?
(பெயர் வேண்டாம், நல்லூர்)

உங்கள் ஆசிரியருக்கு எது நன்றாகத் தெரியுமோ அது. உயர்தரம் எடுப்பவர் என்றால் பாடத்திட்டத்தில் பைதன் இருக்கிறது, அதோடு நில்லுங்கள். முதலாவதை ஒழுங்காக வாசிக்கப் பழகினவருக்கு இரண்டாவது மொழி சில கிழமை வேலை.

*

கேள்வி: என் மகனுக்கு ஏழு வயது. இப்போதே கோடிங் வகுப்பில் விட்டால் கணிதமும் மூளையும் கூர்மையாகும் என்கிறார்கள். விடலாமா?
(தாய், உரும்பிராய்)

அப்படி ஒரு வாக்குறுதிக்காகக் காசு கட்ட வேண்டாம், தங்கச்சி. 1967இல் செமூர் பப்பேர்ட், சிந்தியா சொலமன், வொலி ஃபோயர்சைக் மூவரும் சேர்ந்து பிள்ளைகளுக்காக லோகோ என்ற மொழியை உருவாக்கினார்கள். பிள்ளை கட்டளை கொடுக்க, ஆமை ஒன்று நடந்து கோடு போடும். அருமையான யோசனை, நான் இன்றும் மதிக்கிறேன். ஆனால் லோகோ படித்தால் மற்ற வேலைகளிலும் திட்டமிடும் திறன் தானாகக் கூடும் என்று பலர் எதிர்பார்த்தார்கள். முன்னர் சொன்ன அதே ரோய் பீயும் நியூயோர்க்கில் அவரோடு வேலை செய்தவர்களும் 1980களில் சோதித்தபோது அப்படி வரவில்லை. லோகோ படித்த பிள்ளைகள் மற்றப் பிள்ளைகளைவிட மேலாகத் திட்டமிடவில்லை.

மகனுக்கு ஆசை இருந்தால் ஸ்க்ராட்ச் இலவசம், பக்கத்தில் நீங்களும் இருங்கள். அதற்கும் முதல் முற்றத்தில் ஒரு விளையாட்டு. தகப்பன் ஆமை. கிணற்றைச் சுற்றி வரும்படி மகன் கட்டளை சொல்ல வேண்டும்: மூன்று அடி முன்னுக்கு, வலப்பக்கம் திரும்பு. தகப்பன் சொன்னதை மட்டும் செய்ய வேண்டும். மகன் திரும்பச் சொல்ல மறந்தால் கிணற்றுக்கட்டில் போய் முட்டிக்கொண்டு நிற்க வேண்டும். "அப்பா, திரும்புங்கோவன்!" என்று பிள்ளை கத்தும். "நீ சொல்லேல்லையே" என்று சொல்லுங்கள். ஏழு வயதுக்கு இது தாராளம்.

*

கேள்வி: இப்போது செயற்கை நுண்ணறிவே செய்நிரல் எழுதுகிறதே. இனிப் படித்து என்ன பயன்?
(பல்கலைக்கழக மாணவன், மானிப்பாய்)

சாட்ஜிபிடி 2022 நவம்பரில் வந்தது. அதற்கு முன்பே, அந்த வருடத் தொடக்கத்தில், ஒக்லண்ட் ஆய்வாளர்கள் கோடெக்ஸ் என்ற, செய்நிரல் எழுதும் செயற்கை நுண்ணறிவுக் கருவியை முதலாம் வருடப் பரீட்சையில் இருத்திப் பார்த்தார்கள். அது மாணவர் வரிசையில் மேல் கால் பகுதிக்குள் வந்தது. அதைப் படித்த அன்று நான் என் பரீட்சைத் தாள்களை எடுத்து வைத்துப் பார்த்தேன். பல கேள்விகள் இனி எதையும் அளக்காது என்று விளங்கியது.

தடை போடவில்லை. ஒரு நிபந்தனை வைத்தேன்: எங்கிருந்து வந்த செய்நிரலானாலும் எனக்கு முன்னால் சிலேட்டில் ஓட்டிக் காட்ட வேண்டும். 1980களில் யேல் பல்கலைக்கழகத்தின் எலியட் சொலோவே வைத்த பழைய கணக்கு ஒன்று உண்டு. நாளாந்த மழைவீழ்ச்சியை வாசித்துக்கொண்டே போ, 99999 வந்ததும் நிறுத்திச் சராசரியைச் சொல். சென்ற மாரியில் ஒரு மாணவர் இதற்கு அழகான செய்நிரல் ஒன்றோடு வந்தார். "முதல் எண்ணே 99999 என்றால்?" என்று கேட்டேன். சிலேட்டை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு நாளும் வாசிக்கப்படவில்லை, பூச்சியத்தால் பிரிக்க வேண்டி வருமா, வராதா? அந்தச் செய்நிரலில் அதற்கு ஒரு வரி இருந்தது. எந்த வரி என்று அவருக்குத் தெரியவில்லை. இருபது நிமிடம் சேர்ந்திருந்து வாசித்தோம், கண்டுபிடித்துவிட்டார்.

தம்பி, உங்கள் பெயரில் ஓடப்போகிற வரிகளை நீங்கள் வாசிக்க வேண்டும். ஆஸ்பத்திரி மருந்துக் கணக்கிலோ வங்கிக் கணக்கிலோ அது ஓடினால், ஏன் இப்படி எழுதினீர் என்ற கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள். முன்பைவிட இப்போது வாசிக்க வேண்டியது கூட. அதற்காகப் படியுங்கள்.

*

கேள்வி: நானும் கணினிக் கல்வி பற்றி ஆய்வு செய்ய விரும்புகிறேன். எங்கே தொடங்குவது?
(இவ்வருடப் பட்டதாரி, பருத்தித்துறை)

கடிதத்தைக் கண்டு மிகவும் சந்தோஷப்பட்டேன். இந்த வேலைக்கு இங்கே ஆள் போதாது.

கணினியும் தெரிய வேண்டும், கல்வியும் தெரிய வேண்டும். உங்களிடம் முதலாவது இருக்கிறது. இரண்டாவதுக்குக் கற்றல் உளவியலும் புள்ளிவிவரவியலும் நேர்காணல் செய்யும் முறையும் படியுங்கள். பிள்ளைகளிடமிருந்து தரவு எடுப்பதற்கு நெறிமுறை அனுமதி பெற வேண்டும், அதைக் கடைசியில் பார்க்கலாம் என்று விட்டுவிடாதீர்கள். இந்தத் துறைக்குச் சொந்தமான மாநாடுகள் இருக்கின்றன. கணினிக் கல்வியாளர்களின் அமைப்பான சிக்சியின் (SIGCSE) வருடாந்த மாநாடு 1970இல் தொடங்கியது. பின்லாந்தின் கோலி கோலிங் (Koli Calling) 2001இலிருந்தும், ஆய்வுக்கென்றே நடக்கும் ஐசர் (ICER) 2005இலிருந்தும் நடக்கின்றன. போக முடியாவிட்டாலும் அவற்றில் வந்த கட்டுரைகளை வாசியுங்கள். என் முதற் கட்டுரை இரண்டு தடவை திரும்பி வந்தது. ஒரே ஒரு வகுப்பை வைத்துக்கொண்டு எல்லாப் பிள்ளைகளுக்கும் முடிவு சொல்கிறீர்கள் என்று எழுதியிருந்தார்கள். அழுகையாக இருந்தது, ஆனால் அவர்கள் சொன்னது நியாயம். மூன்றாம் முறை நாலு வகுப்பின் தரவோடு அனுப்பினேன்.

கேள்வி எங்கள் மண்ணிலேயே கிடக்கிறது. தமிழ் மொழிமூலப் பிள்ளை 'மாறி'யை எப்படி விளங்குகிறது? 'ஆகவே', 'இல்லாவிட்டால்' என்று வீட்டில் பேசுகிற விதம், நிபந்தனை எழுதும்போது உதவுகிறதா, இடறச் செய்கிறதா? இவற்றை வெளியிலிருந்து வந்து யாரும் ஆராய முடியாது.

பெரிதாக ஒன்றும் வேண்டாம். ஒரு சின்னச் செய்நிரலை எடுத்துக்கொண்டு பத்துப் பிள்ளைகளிடம் ஒவ்வொருவராகப் போய்ப் பக்கத்தில் இருங்கள். நினைப்பதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே வாசிக்கச் சொல்லுங்கள். திருத்தாதீர்கள், அதுதான் மெத்தக் கஷ்டம், உதட்டைக் கடித்துக்கொண்டு இருக்க வேண்டும். அனுமதியோடு பதிவு செய்து பிறகு எழுத்தாக்குங்கள். ஒரு மணிநேரப் பதிவுக்கு எனக்கு ஒரு முழு நாள் போகும். எழுதும்போது பிள்ளையின் பேச்சை ஏட்டுத் தமிழுக்கு மாற்றிவிடாதீர்கள். "பெரிசு வந்தால் மட்டும் எடுத்து வைச்சிருக்கும்" என்று சொன்னால் அப்படியே எழுதுங்கள்.

பத்துப் பேரின் பதிவும் எழுத்தில் வந்ததும் இந்த இதழின் முகவரிக்கு ஒரு கடிதம் போடுங்கள். ஒரு சனிக்கிழமை சேர்ந்திருந்து வாசிப்போம்.